ஆறு சிவப்பு

பிள்ளைகளா, அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘பூக்கல் கம்பெனியில் மேஸ்திரி’ என்று சொல்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் அந்த வேலையில் பாதி, ஆள் எடுப்பது. வாசலில் வந்து நிற்கிறவர்களில் யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்வது. அதில் எனக்கு ஊருக்குள் நல்ல பேர் உண்டு. அந்தப் பேர் கிட்டத்தட்டக் கவிழ்ந்துபோன ஒரு மழைக்காலத்தை உங்களுக்காக எழுதி வைக்கிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

காரைக்குடியிலிருந்து அரியக்குடி போகிற சாலையில், செம்மண் பொட்டலில் இருந்தது எங்கள் கம்பெனி. நீளமாக ஒரு கீற்றுக் கொட்டகை, பின்னால் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், ஒரு கிணறு, ஒரு புளியமரம். கம்பெனி என்றால் அவ்வளவுதான். தரையில் பதிக்கிற பூக்கல்லை அங்கே கையால் செய்தோம். ஒரு கண்ணாடித் துண்டைக் கிடத்தி, அதைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூவின் உருவத்தில் அறை அறையாகத் தடுத்த தகர அச்சை இறக்குவோம். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு சாயத்தை ஊற்ற வேண்டும். சாயம் என்றால் சிமெண்டும் வண்ணப்பொடியும் தண்ணீரும் சேர்ந்த கூழ். ஊற்றி முடித்து அச்சைத் தூக்கினால், கண்ணாடிமேல் ஒரு பூ ஈரமாகக் கிடக்கும். அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, ஒரு நாள் ஆறவிட்டு, தொட்டித் தண்ணீரில் இறக்குவோம். நாலைந்து நாள் கழித்து எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். கழன்ற முகம் கண்ணாடி மாதிரியே மினுங்கும்.

தொட்டி ஓரமாக நிற்க எனக்குப் பிடிக்கும். மத்தியான வெயில் இறங்கும்போது, தண்ணீருக்கு அடியில் கண்ணாடி மூடிய பூக்கள் வரிசை வரிசையாகத் தெரியும். காற்றடித்தால் தண்ணீர் நெளியும், பூக்களும் நெளியும். எங்கோ ஒரு வீட்டின் தரை, அந்த வீட்டுக்குப் போகும் முன்னால் இங்கே படுத்துக் கனாக் காண்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நின்றபடியே கண் சொக்கிப்போகும்.

‘மேஸ்திரி, தொட்டிக்குள்ள விழுந்துறாதீக. உங்க மேலயும் பூ முளைச்சுறப் போகுது’ என்று யாராவது சத்தம் கொடுப்பார்கள்.

முதலாளி என் வயதுக்காரர், குடியானவர் வீட்டுப் பிள்ளை. கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போன இடத்தில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பி நிலத்தை விற்றுக் கம்பெனி போட்டவர். கல்லைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. மனிதர்கள் பக்கம் வந்தால் மட்டும் கூச்சம். ‘ஆளுக சமாச்சாரம் உங்க பொறுப்பு மேஸ்திரி. மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொல்ல எனக்கு வராது’ என்று முதல் நாளே என் தலையில் கட்டிவிட்டார்.

நானும் ஒரு பரீட்சை வைத்திருந்தேன். சாயம் ஊற்றும் வேலை கேட்டு யார் வந்தாலும், ஒரு செம்பு தண்ணீரைக் கையில் கொடுப்பேன். எதிரே பன்னிரண்டு கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைப்பேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், எல்லாவற்றிலும் ஒரே மட்டத்துக்கு ஊற்ற வேண்டும். முதலில் எல்லாருக்கும் சிரிப்பு வரும். ஆறாவது கொட்டாங்கச்சிக்கு வரும்போது சிரிப்பு நின்று, கை நடுங்கத் தொடங்கும். கை நடுங்காதவன்தான் நமக்கு ஆள் என்பது என் கணிப்பு. பன்னிரண்டு கொட்டாங்கச்சிக்குள்ளும் பன்னிரண்டு வானம் அசையாமல் நின்றால் என் மனம் குளிர்ந்துவிடும்.

ஒரு வெயில் காலத்தில் கண்டரமாணிக்கத்திலிருந்து செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் மோட்டாரில் வந்து இறங்கினார். புதிதாகக் கட்டின வீடு, பெரிய கல்யாணக் கூடம், தை மாதத்தில் மூத்த மகளுக்குக் கல்யாணம். கொட்டகையில் அடுக்கியிருந்த கற்களைப் பார்த்துக்கொண்டே போனவர், ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நடுவில் சின்ன மஞ்சள் பூ, சுற்றி முழுக்கச் சிவப்பு.

‘இதுதான். இதே சிவப்பு. கூடம் முச்சூடும் ஒரே சிவப்பா இருக்கணும்’ என்று சொல்லி, அந்தக் கல்லை மாதிரிக்கென்று வாங்கிக்கொண்டு போனார். அவர் கேட்ட கற்கள், கம்பெனி தொடங்கின நாளிலிருந்து நாங்கள் செய்த அத்தனையையும்விட அதிகம்.

அவர் போன பிறகு முதலாளி என்னைப் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டார். ‘இது நல்லபடியா முடிஞ்சா கம்பெனி நிக்கும் மேஸ்திரி. கல்லு திரும்பி வந்துச்சுன்னா, பூட்டிப்புட்டுத் திரும்பவும் நான் கொழும்புக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். நல்ல கையாப் பாத்து எடுங்க’ என்றார். அவர் பார்வை தொட்டித் தண்ணீரில் இருந்தது. அதற்குள் கப்பல் தெரிந்ததோ என்னவோ.

அதுவரை சாயம் ஊற்றியவர்கள் நாலு பேர், வயல்வேலையிலிருந்து வந்தவர்கள். சுமாரான கைதான். அவர்களை மணல் சலிக்கவும் கல் சுமக்கவும் மாற்றினேன். புதிதாக ஆள் தேடினேன். சாக்கோட்டையிலிருந்து ஒரு தச்சர் வந்தார். நகை வேலை செய்கிற குடும்பத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் ஊற்றினபோது, செம்பிலிருந்து இறங்கின தண்ணீர் நூல் பிடித்த மாதிரி நின்றது. என் காலத்தில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. ஆடி முடிவதற்குள் இப்படியாக ஆறு பேரை எடுத்தேன். ஆறும் முத்தான கை.

எடுத்ததைச் சொன்னேன். இனி, அனுப்பியதைச் சொல்ல வேண்டும்.

கம்பெனியில் ஓர் அம்மாள் இருந்தார். அரியக்குடியிலிருந்து நடந்தே வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் தவறிப் பல வருஷம் ஆகியிருந்தது. எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவரை எடுத்தது தண்ணீர் இறைக்க. தண்ணீர் இறைத்தார், பொடி சலித்தார், சாயத்தையும் அவரே கலக்கினார். சாயம் கலக்க என்று நான் யாரையும் எடுக்கவே இல்லை. அது தனியாக ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. கலக்கும்போது அவர் ஒரு சொட்டை எடுத்து, வெயிலில் காய்ந்த ஓட்டுச் சில்லின்மேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். வேலை நேரத்தில் கனாக் காண்கிற ஆள் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சில்லுகளைச் சுவர் ஓரமாக அடுக்கியும் வைத்திருந்தார்.

புதிய ஆட்கள் வந்த இரண்டாம் நாள், நகைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ‘எங்க சாயத்தை நாங்களே கலந்துக்குறோம் மேஸ்திரி. அடுத்தவுக கலந்து குடுத்து ஊத்துறதுக்கு நாங்க என்ன கைப்பிள்ளைகளா?’ என்றார். குரலைத் தாழ்த்தி, ‘அதோட இது கல்யாணக் கூடத்துத் தளம். அந்தம்மா நெத்தியப் பாத்தீகள்ல?’ என்றார்.

பார்த்திருந்தேன். பொட்டில்லாத நெற்றி. தினமும் பார்த்ததுதான், அன்றைக்குத்தான் அது எனக்கு ஒரு காரணமாகத் தெரிந்தது. நல்ல கைகள் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் கிணற்றடியில் போய்ச் சொன்னேன். இந்தக் கல்யாண வேலை முடிகிறவரை வர வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று மென்மையாகத்தான் சொன்னேன். மென்மையாகச் சொன்னால் சரியாகிவிடும் என்று அப்போது நம்பினேன்.

அவர் வாளியை இறக்கி வைத்தார். ‘சரி மேஸ்திரி’ என்றார். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: ‘செவத்தோரம் ஓடு அடுக்கி வச்சிருக்கேன். அதைக் கலைச்சுறாதீக.’

ஆயுத பூஜைக்குக் கொட்டகையைக் கூட்டும்போது, அழுக்குச் சில்லு என்று அத்தனையையும் அள்ளிப் பள்ளத்தில் கொட்டச் சொன்னது நான்தான்.

ஆவணி, புரட்டாசி என்று அந்த இரண்டு மாதமும் எனக்கு ஒரு நீளமான கனாப் போலக் கழிந்தது. ஆறு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு சட்டி, ஆளுக்கொரு கரண்டி. பேச்சே இருக்காது. சாயம் அச்சுக்குள் இறங்குகிற மெல்லிய சத்தமும், புளியமரத்தில் அணில் சத்தமும்தான். அச்சைத் தூக்கினால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் மயிரிழை பிசகாது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்.

ஒரு சங்கதி எனக்குப் பிடிபடவில்லை. ஈரமாக இருக்கும்போது எந்தச் சிவப்பும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். காய்ந்த பிறகுதான் அதனதன் நிறம் வெளியே வரும். காய்ந்த கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சாக்குப் போட்டு மூடிவிட்டோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மழை விட்டிருந்தபோது ஆச்சி வந்தார். ‘கொஞ்சம் விரிச்சுக் காட்டுங்க’ என்றார். கொட்டகை முன்னால் மணலைப் பரப்பி, கற்களை வரிசையாகக் கிடத்தினோம்.

ஒன்று செங்கல் சிவப்பு. ஒன்று குங்குமம். ஒன்று காய்ந்த மிளகாய். மாதுளம்பூப் போல ஒன்று, துருப்பிடித்த ஏர்க்கொழுவைப் போல ஒன்று, வெற்றிலை போட்ட வாயைப் போல ஒன்று. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அழகு. சேர்த்துப் பார்த்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது.

ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கற்கள்மேல் ஒரு தடவை நடந்தார். திரும்பி நின்றார்.

‘என்ன மேஸ்திரி, கல்யாணத்துக்குத் தளம் கேட்டா, ஒட்டுப்போட்ட துணியைத் தைச்சு வச்சிருக்கீக?’

நான் ஒரு கல்லை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் மாற்றி வைத்துப் பார்த்தேன்.

‘இந்தத் தரையில சம்பந்திமாரை உக்கார வச்சா, அவுக சோத்தைப் பாப்பாகளா, தரையைப் பாப்பாகளா?’ என்றார். முதலாளி துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். ஆச்சி அவரைப் பார்த்தபோது கொஞ்சம் இரக்கம் வந்ததுபோல. ‘கார்த்திகை பொறக்குற வரைக்கும் பாப்பேன். நான் கேட்ட சிவப்பு வந்தாக் கல்லு வரட்டும். இல்லைன்னா நான் வேற இடம் பாத்துக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறினார்.

மழை மறுபடி பிடித்தது. படி வைத்துப் பொடியை அளந்து ஆறு பேருக்கும் கொடுத்தேன். தண்ணீரில் மாறினார்கள். தண்ணீரை அளந்து கொடுத்தேன். கலக்குகிற நேரத்தில் மாறினார்கள். ஒருவர் சூட்டோடு ஊற்றுவார், ஒருவர் ஆறவிட்டு ஊற்றுவார். உன் சிவப்புதான் கெட்டது, என் சிவப்புதான் சரி என்று அவர்களுக்குள் பேச்சு தடித்தது. தச்சர் ஒரு நாள் கரண்டியை வீசிவிட்டு எழுந்தார். கொட்டகைக்குள் ஒழுகின மழைநீர் செம்மண்ணோடு சேர்ந்து ஓடியது. ஏழாவது சிவப்பு ஒன்று என் கால் பக்கமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பழைய நாலு பேரில் ஒருவர், மணல் சலித்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னார்: ‘நாங்க ஊத்துனப்ப இந்தத் தொல்லை இல்லையே. எங்க கை கோணல்தான். ஆனா எல்லாம் அக்கா சட்டியில இருந்துதான வரும்.’

பிள்ளைகளா, அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. தூங்கி விழித்தவனுக்கு எந்த ஊர் என்று தெரியாமல் இருக்குமே, அப்படி இருந்தது. ஆறு நல்ல கைகளைத் தேடித் தேடி எடுத்தேன். அந்த வேலைக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கை. அது என் கண்முன்னால் இருந்தது. அதற்கு ஒரு பெயர்கூட வைக்காமல் வெளியே அனுப்பிவிட்டேன்.

குடையைப் பிடித்துக்கொண்டு அரியக்குடிக்கு நடந்தேன். தூறல் புகைபோல இருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் கட்டிக் கிடந்தது, பெருமாள் கோயில் கோபுரம் அதற்குள் தலைகீழாக ஆடியது. அக்கா வேறு சில பெண்களோடு வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெண், ‘யாருத்தா, கொக்கு மாதிரி வரப்புல ஒத்தைக்கால்ல நிக்கிறது?’ என்றாள். நிஜமாகவே ஒரு கால் சேற்றுக்குள் போயிருந்தது.

‘எங்க மேஸ்திரி’ என்றார் அக்கா. ‘எங்க’ என்ற அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

நடந்ததைச் சொன்னேன். திரும்ப வர வேண்டும் என்றேன்.

‘கல்யாணக் கூடத்துக்கு என் கை ஆகாதுன்னு நீங்கதான சொன்னீக?’

‘நான் அப்படிச் சொல்லலையே…’

‘சொல்லல. சொல்லாமத்தான் அனுப்புனீக.’ களையைத் தண்ணீரில் அலசினார். ‘செவத்தோரம் இருந்த ஓடு இருக்கா?’

‘கூட்டித் தள்ளியாச்சு.’

முதல் தடவையாக அவர் முகம் மாறியது. ‘அது என்னன்னு நினைச்சீக? ஓடு சூட்டுல சொட்டு உடனே காஞ்சுரும். காஞ்ச நிறம் தெரிஞ்சாத்தான் மேல பொடி சேக்குறதா, சிமெண்டு சேக்குறதான்னு தெரியும். அந்த ஆச்சி எடுத்துட்டுப் போன கல்லோட சொட்டும் அதுலதான் இருந்துச்சு. இப்ப எதைப் பாத்துக் கலக்கச் சொல்றீக?’

அவர் சும்மா உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

‘ஆச்சி வீட்டுல மாதிரிக் கல்லு இருக்கு. வாங்கியாறேன்’ என்றேன்.

‘வாங்குங்க. வாங்கும்போது நான்தான் கலக்கப் போறேன்னு சொல்லிட்டு வாங்க. ஒளிச்சு வச்சுச் செய்யுற வேலைக்கு நான் வரல. தளம் போட்டு முடிஞ்ச பிறகு எவனாவது போய் ஓதுவான். கல்லைப் பேத்தெறியுங்கம்பாக. அந்தப் பழி என் தலையில விழும், உங்க தலையில விழாது.’ மறுபடி குனிந்துவிட்டார்.

முதலாளியிடம் வந்து சொன்னேன். அவர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். ‘சொன்னா அந்தாச்சி ஒத்துக்குவாகளா மேஸ்திரி? சொல்லாம இருந்தா என்ன?’ என்றார். ‘சொல்லாம இருந்தா அக்கா வராது. அக்கா வரலைன்னாச் சிவப்பு வராது’ என்றேன். அவர் தூணை விட்டார். ‘போயிட்டு வாங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுரட்டும்’ என்றார்.

கண்டரமாணிக்கத்துக்குக் கூண்டுவண்டியில் போனேன். வழியெல்லாம் கண்மாய் நிரம்பி, கரையும் நீரும் வானமும் ஒன்றாகக் கிடந்தன. என்ன சொல்லுவது என்று யோசிப்பேன், மாடு தலையை ஆட்டுகிற ஆட்டத்தில் யோசனை கரைந்துபோகும். அந்த வீட்டுக் கல்யாணக் கூடம் வெறும் தரையாக, ஈரச் சுண்ணாம்பு வாசத்தோடு என் வரவுக்கே காத்திருப்பதுபோல இருந்தது. ஆச்சி, மகளுக்குக் கொடுக்கிற பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

‘வாங்க மேஸ்திரி. மழையில கல்லு காஞ்சுச்சா?’

மாதிரிக் கல்லைக் கேட்டேன்.

‘அது சாமி வீட்டுல இருக்கு. குத்துவிளக்குக்கு அடியில வச்சிருக்கேன். மட்டமா, அழகா இருந்துச்சு. எதுக்கு இப்ப?’

எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டாங்கச்சியிலிருந்து ஓட்டுச் சில்லு வரை. அக்கா யார் என்பதையும், ஏன் அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் அந்தக் காலிக் கூடத்தில் இரண்டு தடவை கேட்டது.

ஆச்சி கையிலிருந்த சொம்பைத் துடைப்பதை நிறுத்தினார். ‘இதை ஏன் என்கிட்டச் சொல்றீக? கமுக்கமாச் செஞ்சிருந்தா எனக்குத் தெரியவா போகுது?’

‘கமுக்கமாச் செய்ய அவுக வரமாட்டேன்னுட்டாக ஆச்சி.’

‘ரோசக்காரிதான்.’ சொம்பின் வளைவில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே முற்றத்தில் மழை தாரை தாரையாக விழுந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அந்த மழை ஒரு மாதம் பெய்தது.

பிறகு, எனக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாமல் பேசினார்: ‘வைகாசியில வச்ச கல்லு. அது மேல எரியுற விளக்கைக் கும்புட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டுல பேசி முடிச்சோம். அப்ப அந்தக் கை ஆயிருக்கு. இப்ப ஆகாதுன்னு எந்த வாயால சொல்ல?’ சட்டென்று நிமிர்ந்தார். ‘எங்க வீட்டுப் பெரியவுக காதுல விழுந்தா நாலு நாளைக்குப் பேசுவாக. அதை நான் பாத்துக்கிறேன். சிவப்பை நீங்க பாத்துக்கங்க. ஆனா முதக்கல்லை நான்தான் பதிப்பேன், அதைச் சொல்லிருங்க. போங்க, விளக்கை எறக்கி வச்சுட்டுக் கல்லை எடுத்துக்கங்க.’

விளக்கை நானே இறக்கினேன். கல்லின்மேல் எண்ணெய் வட்டம் ஒன்று இருந்தது. துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் கல்லைப் பற்றி ஆச்சி சொன்னதை அக்காவிடம் சொன்னபோது, ‘பதிக்கட்டும். அவுக மக கல்யாணம்’ என்று மட்டும் சொன்னார். கம்பெனிக்கு வந்ததும் அடுப்பு மூட்டச் சொல்லி ஓட்டைச் சூடு பண்ணினார், மழையில் வெயிலுக்கு எங்கே போக. பெரிய அண்டா ஒன்றை நடுவில் வைத்தார். சொட்டு வைத்தார், காத்திருந்தார், மாதிரிக் கல்லோடு சேர்த்துப் பார்த்தார், மறுபடி ஒரு பிடி சேர்த்தார். நான் அவர் பக்கத்தில் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது சொட்டு, கல்லோடு கரைந்து காணாமல் போனது.

‘இனி ஊத்தச் சொல்லுங்க’ என்றார்.

ஐந்து பேர் சட்டியோடு எழுந்து அண்டாவுக்கு வந்தார்கள். நகைக்காரர் எழுந்திருக்கவில்லை. ‘இந்த அண்டாவுல நான் மொள்ள மாட்டேன் மேஸ்திரி’ என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனபோது, என் பரீட்சையில் வந்த அத்தனை பேரிலும் சிறந்த கை வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். கூப்பிடலாமா என்று உதடு வரை வந்தது. கூப்பிடவில்லை. அவர் இடத்தில் பழைய நாலு பேரில் ஒருவரை, கோணல் கைக்காரரை, உட்கார வைத்தேன்.

அதற்குப் பிறகு ஆள் எடுக்கிற ஒவ்வொரு தடவையும், வாசலில் நிற்கிறவரைப் பார்க்கும் முன்னால் உள்ளே இருக்கிறவர்களிடம் போய், ‘நீங்க என்னென்ன செய்யுறீக?’ என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். கொட்டாங்கச்சியையும் விடவில்லை. கை வேண்டாமா?

மார்கழி வரை வேலை மூச்சுவிடாமல் நடந்தது. நடுவில் இரண்டு நாள் அக்காவுக்குக் காய்ச்சல். முதல் நாள் எல்லாரும் சும்மா இருந்தோம். இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று ஒரு நினைப்பு. ஓட்டைச் சுட வைத்து, சொட்டு வைத்து, ஒரு சின்னச் சட்டி நிறைய நானே கலக்கி ஊற்றச் சொன்னேன். பத்துக் கல் வந்தது. மாதிரியோடு வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மற்றதோடு கலந்து அடுக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில், கார்த்திகை பிறக்கும் முன் வந்து முதலில் காய்ந்த கற்களைப் பார்த்த ஆச்சி, ‘ம்’ என்றார். அந்த ஒரு எழுத்தில் முதலாளியின் கொழும்புக் கப்பல் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனது. மார்கழியில் தளம் போட்டோம். முதல் கல்லை ஆச்சி பதித்தார். கடைசி வரிசை முடிந்ததும், தேங்காயெண்ணெய் தொட்டுத் தரையைத் தேய்த்து மெருகேற்ற நம் கம்பெனிப் பெண்கள் போனார்கள். அக்காவும் வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். ஆச்சி உள்ளேயிருந்து, ‘வாங்க, இங்குட்டு வாங்க, எண்ணெய் இங்க இருக்கு’ என்று கூப்பிட்டார்.

எண்ணெய் பட்டதும் கூடம் கண் விழித்தது. மேலேயிருந்து இறங்கின வெளிச்சம் அந்தச் சிவப்பில் விழுந்து, சுவரெல்லாம், தூணெல்லாம், வேலை செய்கிறவர்கள் முகமெல்லாம் சிவந்து நின்றது. எங்கே ஒரு கல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியவில்லை. முதலாளி சுவரோரமாகவே நடந்தார், நடுவில் மிதிக்கப் பயந்தவர் மாதிரி.

அக்கா மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்த தலையோடு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்ல நடந்தார். திரும்பினார். கிழக்குத் தூண் பக்கம் வந்ததும் நின்று, கால் பெருவிரலால் தரையைத் தொட்டார்.

‘மேஸ்திரி, இது என் கை இல்லையே. இது ஒண்ணு, அந்தா அது ஒண்ணு… இங்குட்டு மூணு. யாரு கலந்தது?’

நான் உற்று உற்றுப் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் முகத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

‘நான் படுத்துக் கெடந்த அன்னிக்கா?’

தலையை ஆட்டினேன். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

‘ஆச்சிகிட்டச் சொல்லி இந்த இடத்துல ஜமுக்காளத்தை விரிச்சு மேளக்காரவுகளை உக்கார வைங்க. நீங்க ஆள் எடுக்குறதோட நிறுத்திக்கங்க மேஸ்திரி’ என்றார்.

நிறுத்திக்கொண்டேன்.